ஆங்கிலம் தெரியாத தாய் தகப்பனும் பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்கலாம்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துச் சில நாட்களில் அதன் பைக்குள் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் வந்திருக்கும். கூடவே ஒரு சின்னக் கொப்பியும் இருக்கும். அந்தக் கொப்பிக்கு ‘ரீடிங் ரெக்கோட்’ என்று பெயர். பிரித்தானியாவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அநேகருக்கு இது கொடுக்கப்படுகிறது. பிள்ளை வீட்டில் உங்களோடு இருந்து அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் கொப்பியில் திகதி போட்டு, ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. புத்தகம் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம், திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களிடம் ஆலோசனைக்கு வருகிற பல பெற்றோர் இந்தக் கொப்பியை வெறுமையாகவே அனுப்புகிறார்கள். “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, என்னத்தை எழுதுறது” என்பதுதான் காரணம். ஆனால் ரீச்சருக்கு அது தெரியாது. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்று அவர் நினைக்கக்கூடும்.

செய்ய வேண்டியது சுகமான வேலை. தமிழில் எழுதுங்கோ. “படங்களைப் பார்த்துத் தமிழில் கதைத்தோம்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். ரீச்சருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் நீங்கள் பிள்ளையோடு இருந்திருக்கிறீர்கள் என்று விளங்கும். அதே வசனத்தை ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் கேட்கலாம். அதைப் பார்த்து நீங்களே எழுதிப் பழகலாம்.

வீட்டில் தமிழ் கதைத்தால் இங்கிலீஷ் பிந்துமா?

இது எல்லாரும் கேட்கிற கேள்வி. பிந்தாது. தாய்மொழியில் நிறையச் சொற்களும் கதைகளும் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி பிடிப்பது இலகு. ‘ஆமை’ என்றால் என்ன, அது எப்படி நடக்கும், ஏன் ஓட்டுக்குள் ஒளிக்கும் என்று தமிழில் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரை மட்டும் புதிதாகப் பழகினால் போதும். எதுவும் தெரியாத பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். தாய் தகப்பன் தங்களுக்கு வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு கஷ்டப்பட்டுக் கதைத்தால், பேச்சு “வா, போ, சாப்பிடு” என்பதோடு நின்றுவிடும். அது ஆங்கிலத்துக்கும் உதவாது, தமிழுக்கும் உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பிள்ளை வகுப்பில் மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருக்கலாம். இதற்கு இங்குள்ள ரீச்சர்மார் ‘சைலன்ற் பீரியட்’ என்று சொல்வார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டு, உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டு இருக்கிறது. அந்த நேரம் “என்ன, இன்னும் கதைக்க மாட்டியோ” என்று நெருக்க வேண்டாம். வீட்டிலும் தமிழ் கதைக்காமல் மௌனமாக இருந்தால், அல்லது நித்திரையில்லாமல் பயந்து எழும்பினால் அது வேறு விசயம். ரீச்சரிடமோ உங்கள் வைத்தியரிடமோ சொல்லுங்கோ.

புத்தகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் அனுபவத்தில் பள்ளிப்படிப்பை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் பிள்ளை உங்களை விட நன்றாக ஆங்கிலம் கதைக்கும். கடிதம் வந்தாலும் பிள்ளைதான் வாசிக்கும், ரெலிபோன் அடித்தாலும் பிள்ளைதான் எடுக்கும், கடையிலும் பிள்ளைதான் கேட்கும். ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டுக்குப் பெரிய மனிசர் மாதிரி ஆகிவிடும். தகப்பனுக்கு அது வெட்கம், பிள்ளைக்கு அது பாரம். (வைத்தியரிடமோ சொலிசிற்றரிடமோ பிள்ளையை மொழிபெயர்க்க விட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. வைத்தியசாலைகளிலும் டொக்டரிடமும் அது இலவசம்.) இரவில் ஒரு அரை மணித்தியாலம் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து நீங்கள் தமிழில் கதை சொல்லுகிறபோது, சொல்லுகிறவர் நீங்கள், கேட்கிறது பிள்ளை. நாள் முழுக்கத் தலைகீழாய் இருந்தது அந்த நேரத்தில் நேராகும்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் புத்தகங்கள்

பல பள்ளிகளில் முதலில் வருவது ‘ஒக்ஸ்போட் ரீடிங் ட்றீ’ என்ற வரிசை. பிஃப், சிப், கிப்பர் என்று மூன்று பிள்ளைகள், ஒரு நாய். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இங்குள்ள பிள்ளைகள் இதில்தான் எழுத்துக் கூட்டப் பழகி வருகிறார்கள். பக்கத்துக்கு ஒரு வரி, சில வேளை ஒரு வரியும் இல்லை. “இதில என்ன கதை இருக்கு” என்று நம்மவர்கள் மூடி வைத்துவிடுகிறார்கள். கதை படத்தில்தான் இருக்கிறது. எழுத்தில் இல்லாத பகிடிகள் எல்லாம் படத்தில் ஒளிந்திருக்கும். பல படங்களில் யாரோ தொலைத்த மூக்குக்கண்ணாடி ஒன்று எங்கேயோ கிடக்கும், பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கோ. இந்தப் படங்களை வரைந்த அலெக்ஸ் பிறிக்ரா, 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த பிறகு சிறுவனாகப் பெற்றோரோடு இங்கே வந்தவர்.

ஆங்கிலேயப் பிள்ளைகளின் புத்தக அலுமாரியில் இப்படி அகதியாக வந்தவர்களின் கை நிறைய இருக்கிறது. ‘த ரைகர் ஹூ கேம் ரு ரீ’ (1968) என்று ஒரு புத்தகம். ஒரு புலி கதவைத் தட்டி, உள்ளே வந்து, வீட்டிலுள்ள சாப்பாடு முழுவதையும், குழாய்த் தண்ணீரையும்கூட முடித்துவிட்டுப் போய்விடும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நூலகத்திலும் இருக்கும். எழுதி வரைந்தவர் யூடித் கெர். பெர்லினில் பிறந்து, ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு வெளியேறி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்று அலைந்து, 1936இல் லண்டன் வந்தவர். அந்தக் கதையை அவர் 1971இல் பெரிய பிள்ளைகளுக்கான ஒரு நாவலாக எழுதினார். அதில் வரும் சிறுமி வெளிக்கிடும்போது ஒரே ஒரு விளையாட்டுப் பொம்மைதான் கொண்டுவரலாம். அவள் புதிய நாய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு பழைய முயல் பொம்மையை விட்டுவிட்டு வருகிறாள். எந்தப் பொம்மையை விட்டுவிட்டு வந்தது என்று உங்கள் பிள்ளைக்கும் தெரியும்.

நூலகத்தில் எப்படிச் சேருவது?

ஊரில் வாசிகசாலை என்றால் சனசமூக நிலையத்தில் வாங்கு போட்டிருக்கும், பேப்பர் வாசித்துவிட்டு வருவோம். இங்குள்ள பொது நூலகம், அதாவது ‘லைப்ரரி’, அப்படியில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபைகள் நூலகம் நடத்த வேண்டும், புத்தகம் இரவல் கொடுக்கக் காசு வாங்கக்கூடாது. கைக்குழந்தைக்கும் தனியாக ஒரு அட்டை எடுக்கலாம்.

“பெயர் கொடுத்தால் கேசுக்கு ஏதும் வந்துவிடுமோ” என்று பலர் பயப்பிடுகிறார்கள். ஒன்றும் வராது. நூலகத்தில் சேருவது அரசாங்க உதவிப்பணம் எடுப்பது அல்ல. அசைலம் கேஸ் முடியாதவர்களும் சேரலாம். பெயரும் விலாசமும் கேட்பார்கள். ஹோம் ஒஃபிஸ் தந்த ஏ.ஆர்.சி. அட்டை, அல்லது உங்கள் விலாசத்துக்கு வந்த ஒரு கடிதம் கொண்டுபோங்கோ. ஹொட்டேலில் இருக்கிறவர்கள் அதைச் சொல்லுங்கோ. நிரந்தர விலாசம் இல்லாதவர்களுக்குப் பல நூலகங்களில் வேறு வகை அட்டை இருக்கிறது. சில நூலகங்கள் அகதிகளை வரவேற்பதற்கென்றே ‘லைப்ரரி ஒஃப் சாங்சுவரி’ என்ற பெயர் வாங்கியிருக்கின்றன. ஒரு கவுண்டரில் மாட்டேன் என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கோ, நாங்கள் கதைக்கிறோம்.

புத்தகத்தை வழமையாக மூன்று கிழமை வைத்திருக்கலாம், பிறகு நீடிக்கலாம். பிந்தினால் தண்டப்பணம் என்பது பல இடங்களில் பிள்ளைகளின் அட்டைக்கு இல்லை, சேரும்போதே கேட்டு வையுங்கோ. பிள்ளை கிழித்துவிட்டால் ரேப் ஒட்ட வேண்டாம், அப்படியே கொண்டுபோய்ச் சொல்லுங்கோ. அவர்களுக்கு அது தினமும் நடக்கிற விசயம். பயத்தில் போகாமல் விடுவதுதான் கூடாது. திறக்கும் நேரத்தையும் கதவில் பார்த்து வையுங்கோ. 2010க்குப் பிறகு நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டுவிட்டன, மிச்சமுள்ளவற்றில் பல எல்லா நாளும் திறப்பதில்லை.

குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லும் நேரம் ஒன்று பல நூலகங்களில் கிழமைக்கு ஒருநாள் நடக்கும். நோட்டீஸில் ‘ரைம் ரைம்’ என்று இருக்கும். எங்கள் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் முதலாவது பாட்டு, இரண்டாவது நேரம். இலவசம். வீட்டில் தனியே இருக்கிற தாய்மார் கட்டாயம் போங்கோ. பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும். கோடை விடுமுறையில் நாலு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ‘சமர் ரீடிங் சலெஞ்ச்’ நடக்கும். புத்தகம் எடுத்து வாசித்தால் ஒட்டும் படங்களும் கடைசியில் சான்றிதழும் கொடுப்பார்கள். அதற்கும் காசில்லை. குழந்தை பிறந்திருந்தால் ஹெல்த் விசிற்றரிடம் ‘புக்ஸ்ராட்’ புத்தகப் பொதி பற்றிக் கேளுங்கோ. ஸ்கொட்லாந்தில் அதற்குப் பெயர் ‘புக்பக்’.

எந்தப் புத்தகத்தை எடுப்பது?

நடக்கத் தொடங்கின பிள்ளைக்கு ‘டியர் ஸூ’ எடுங்கோ, எழுதியவர் றொட் கம்பெல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கதவு, திறந்தால் ஒரு மிருகம். சொல்லுவதற்கு ஆங்கிலமே தேவையில்லை. எரிக் கார்லின் ‘த வெரி ஹங்கிறி கற்றப்பிலர்’ (1969) ஒரு மசுக்குட்டியின் கதை. கிழமை நாட்கள், எண்கள், பழங்களின் பெயர்கள் எல்லாம் அதற்குள் வருவதால், ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் தாய் தகப்பனுக்கும் அது ஒரு பாடப்புத்தகம்.

எங்களைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது ஐலின் பிறவுணின் ‘ஹன்டாஸ் சப்பிறைஸ்’. கென்யாவில் ஒரு சிறுமி தன் சிநேகிதிக்குக் கூடை நிறையப் பழங்களைத் தலையில் வைத்துக் கொண்டுபோகிறாள். கொய்யா, மாம்பழம், அன்னாசி, வாழைப்பழம். பின்னால் ஒவ்வொரு மிருகமாக வந்து ஒவ்வொன்றாக எடுக்கிறது. அவளுக்குத் தெரியாது, பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும். எழுத்து அந்தக் களவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது, படம் மட்டும்தான் சொல்லும். ஆகவே தமிழில் சொல்லுகிற தாய்க்கும் ஆங்கிலத்தில் வாசிக்கிற ரீச்சருக்கும் கதை ஒன்றுதான். வெயிலும் பழமும் தலைச்சுமையும் உள்ள ஒரு ஊரைப் பிள்ளை படத்தில் பார்க்கும். இங்குள்ள மற்றப் புத்தகங்களில் மழைச்சட்டையும் பனியும்தான் அதிகம்.

‘த கிறஃபலோ’ (1999) வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஜூலியா டொனால்ட்சன் எழுதியது. ஒரு சின்ன எலி, இல்லாத ஒரு பூதத்தைச் சொல்லிப் பெரிய மிருகங்களை வெருட்டும். எங்கள் முயலும் சிங்கமும் கதையைச் சொல்லிவிட்டு இதைக் காட்டினால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். இதன் ஆங்கிலம் பாட்டு மாதிரி எதுகையோடு போவதால் தமிழில் சொல்லும்போது கதையை மட்டும் சொல்லுங்கோ, சொல்லுக்குச் சொல் மாற்றப் பார்க்க வேண்டாம். ஆங்கில ஓசையைப் பிள்ளை வகுப்பில் கேட்கட்டும்.

தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள புத்தகங்களும் உண்டு. லண்டனில் மன்ரா லிங்குவா என்ற பதிப்பகம் பல மொழிகளில் இவற்றை வெளியிடுகிறது, தமிழும் அதில் ஒன்று. நூலகத்தில் ‘டுவல் லாங்குவிஜ் புக்ஸ், ரமில்’ என்று கேளுங்கோ. அந்தக் கிளையில் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து எடுப்பிக்கலாம். மொழிபெயர்ப்புத் தமிழ் சில இடங்களில் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். நீங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே மாற்றிச் சொல்லுங்கோ.

எழுத்தே இல்லாத புத்தகங்களை நாங்கள் தனியாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் அங்கே ஒருவருக்கும் ஆங்கிலம் தேவையில்லை. றேமண்ட் பிறிக்ஸின் ‘த ஸ்னோமான்’ (1978) பனிமனிதனைப் பற்றியது. முடிவு துக்கமானது, முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ. பெரிய பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஷோன் ரான் என்ற அவுஸ்திரேலியக் கலைஞரின் ‘த அரைவல்’ (2006). ஒரு மனிதர் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறி முன்பின் தெரியாத ஒரு பட்டணத்துக்குப் போகிறார். அங்கே சாப்பாடு விசித்திரம், மிருகங்கள் விசித்திரம், பெயர்ப்பலகைகளில் உள்ள எழுத்தும் விளங்காது. அந்த எழுத்து ஷோன் ரானே கற்பனை செய்தது. ஆகவே ஆங்கிலேயர் பார்த்தாலும் அவருக்கும் விளங்காது. நாங்கள் பஸ் தரிப்பில் நின்று முழிக்கிற மாதிரியே அவரும் முழிக்க வேண்டும்! இந்தப் புத்தகத்தைத் தகப்பன்மார் பிள்ளைகளோடு இருந்து பக்கம் பக்கமாகப் பாருங்கோ. “இப்படித்தான் அப்பாவும் வந்தது” என்று சொல்லத் தொடங்க அது ஒரு வழி.

ஏழு வயதுக்கு மேல் றோல்ட் டாலின் ‘த ருவிற்ஸ்’ போன்ற சின்னப் புத்தகங்கள், கையெழுத்தும் கீறலுமாக உள்ள ‘ரொம் கேற்ஸ்’, ‘டயறி ஒஃப் எ விம்பி கிட்’ வரிசைகள். பின்னவை பெரியவர்களுக்குக் கிறுக்கல் மாதிரித் தெரியும், தடுக்க வேண்டாம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கதைக்கிறது அதைப் பற்றித்தான். பாடிங்ரன் கரடியின் கதை (1958) நல்லது, ஆனால் ஆங்கிலம் கொஞ்சம் பழையது, படத்தை முதலில் பார்த்தால் இலகு. பெருவிலிருந்து ஒருவருக்கும் தெரியாமல் கப்பலில் ஒளித்து வந்த கரடி அது. 2024இல் வந்த படத்துக்காகப் படக்குழுவினர் கேட்க, ஹோம் ஒஃபிஸ் அந்தக் கரடிக்கு ஒரு மாதிரிப் பாஸ்போட் கொடுத்தது. நாங்கள் இன்னும் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்.

யுத்தமும் அகதி வாழ்வும் வரும் புத்தகங்கள்

ரீச்சர்மார் நல்ல மனதோடு நம் பிள்ளைகளுக்கு அகதிகளைப் பற்றிய புத்தகங்களைக் கொடுப்பார்கள். பிரான்செஸ்கா சன்னாவின் ‘த ஜேர்னி’ (2016) படப்புத்தகம். ஒன்ஜாலி றாவூஃபின் ‘த போய் அற் த பாக் ஒஃப் த கிளாஸ்’ (2018) வகுப்புக்குப் புதிதாக வந்த சிரியச் சிறுவனைப் பற்றியது. பெஞ்சமின் ஸெபனாயாவின் ‘றெஃபியூஜி போய்’ (2001) பதின்ம வயதினருக்கு. மூன்றும் நல்ல புத்தகங்கள். ஆனால் செல் அடியையும் ஆமியையும் கண்ட பிள்ளைக்கு அதை மறுபடி படத்தில் காட்டத்தான் வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சில பிள்ளைகள் “என்னை மாதிரி” என்று பிடித்துக்கொள்ளும். சில பிள்ளைகள் அன்றிரவு நித்திரை கொள்ளாது. கட்டாயப்படுத்த வேண்டாம். வேண்டாம் என்று ரீச்சரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையில் இந்தப் புத்தகங்களை நம் பிள்ளை வாசிப்பதை விட, பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளை வாசிப்பதுதான் கூடப் பலன்.

பெரிய பிள்ளைகள்

பதினாலு வயதில் வந்த பிள்ளையிடம் மழலைப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கத்தில் தொடாது. அதற்கு வழி உண்டு. எடின்பரோவில் 1990களின் கடைசியில் தொடங்கிய பாரிங்ரன் ஸ்ரோக் என்ற பதிப்பகம், விசயம் பெரிய பிள்ளைகளுக்கும் மொழி இலகுவாகவும் உள்ள மெல்லிய புத்தகங்களைப் போடுகிறது. வெளியே பார்த்தால் மற்ற நாவல் மாதிரியே இருக்கும். அதனால் பஸ்ஸிலும் வைத்து வாசிக்கலாம். உதைபந்தாட்டப் பைத்தியம் என்றால் மற் ஓல்ட்பீல்டும் ரொம் ஓல்ட்பீல்டும் எழுதிய ‘அல்ரிமேற் புட்போல் ஹீரோஸ்’ வரிசை இருக்கிறது. ஜப்பானிய மங்கா சித்திரக்கதையையும் “பொம்மைப் புத்தகம்” என்று தள்ள வேண்டாம். ஜீ.சி.எஸ்.ஈ. வகுப்பில் ‘மக்பெத்’ வந்தால் சித்திரக்கதை வடிவம் நூலகத்தில் கேளுங்கோ. நூலக அட்டை இருந்தால் ‘லிபி’, ‘போரோபொக்ஸ்’ போன்ற செயலிகளில் போனிலேயே புத்தகத்தை வாசித்துக் கேட்கலாம். உங்கள் கவுன்சில் எதை வைத்திருக்கிறது என்று கவுண்டரில் சொல்வார்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்ரோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இலவசமாக உண்டு. வாசிக்கும் தரத்தின்படி பிரித்திருப்பார்கள். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வருகிறார்கள், அதுவும் இலவசம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிலும் அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கும், கேட்டால் தருவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்குமே, அதைச் சொல்லிக் கொடுங்கோ. பிள்ளை கூழையும் கொழுக்கட்டையையும் கொப்பியில் கீறட்டும். அதுவும் ஒரு புத்தகம்தான்.

திடீரென்று வேறு ஊருக்கு மாற்றினால்

அசைலம் வீட்டில் இருக்கிறவர்களை குறுகிய நேரத்துக்குள் வேறு ஊருக்கு மாற்றுவது நடக்கிறது. அப்படிச் சொன்னால் நூலகப் புத்தகங்களை அதே கவுன்சிலின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். சில இடங்களில் பூட்டியிருந்தாலும் வெளியே போடும் பெட்டி இருக்கும். நேரமில்லாமல் கையோடு கொண்டுபோய்விட்டால் பயந்து ஒளிக்க வேண்டாம், எங்களுக்கு ரெலிபோன் பண்ணுங்கோ. புது ஊரில் பெரும்பாலும் புது அட்டை எடுக்க வேண்டும், பழையது வேறு கவுன்சிலில் பொதுவாகச் செல்லாது.

வெளிக்கிட முதல், பிள்ளைக்குப் பிடித்த புத்தகங்களின் அட்டைப்படத்தை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கோ. புது ஊர் நூலகத்தில் அந்தப் படத்தைக் காட்டினால் போதும், வாய் திறக்கத் தேவையில்லை. அதே புத்தகத்தை அங்கேயும் எடுத்துத் தருவார்கள்.